அளவறிந்த மருத்துவர் வில்லியம் விதரிங்

மூலிகை மருத்துவத்தைப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. மண்ணில் முளைத்த எதுவும் மனிதனுக்குத் தீங்கு செய்யாது என்பார் ஒரு சாரார். இலையும் வேரும் கஷாயமும் பாட்டி காலத்துப் பழங்கதை; அவற்றால் பயன் ஏதுமில்லை என்பார் மறு சாரார். ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதில் இவ்விரு கட்சியாரும் காட்டும் ஊக்கம் பெரிது. ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு அதன் குணத்தையும் குற்றத்தையும் பொறுமையோடு எண்ணிப் பார்க்கும் ஊக்கமோ அரிதாகவே காணப்படுகிறது. அவ்வாறு எண்ணிப் பார்த்த ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். வில்லியம் விதரிங் என்பது அவர் பெயர்.

கவிதையே மூச்சாகக் கொண்ட நம் வட்டத்தின் மலரில் ஒரு மருத்துவர் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். காரணம் இரண்டு. தாம் கண்ட உண்மையை நூலாக வெளியிட விதரிங் எடுத்துக்கொண்ட காலம் முழுதாகப் பத்தாண்டு. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நாம் அந்தப் பொறுமையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. மற்றொன்று, அவருக்கு முதலில் நண்பராகவும் பின்னர்ப் பகைவராகவும் அமைந்தவர் ஒரு புகழ்பெற்ற கவிஞர். சொல்லாற்றலும் அளவறிவும் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை அறிய இவ்வரலாறு நமக்குத் துணை செய்யும்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் வெலிங்டன் என்னும் ஊரில் 1741ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் விதரிங் பிறந்தார். தந்தையார் எட்மண்ட் விதரிங் மருந்து கூட்டிக் கொடுப்பவர். அறுவை மருத்துவமும் செய்தவர். தாயார் வழியிலும் மருத்துவர்கள் இருந்தனர். அக்கால நாட்டுப்புற மருத்துவர் இல்லத்தில் உரலும் குழவியும் துலாக்கோலும் அன்றாடப் பொருள்கள். எடை பார்த்துக் கொடுக்கும் பழக்கம் அவருக்குக் குலவழியாகவே வந்தது எனலாம்.

1762இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அந்நாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவக் கல்வி அங்குக் கிடைத்தது. 1766இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்த நாளில் அவருக்குச் சிறிதும் பிடிக்காத பாடம் ஒன்று இருந்தது. அதுதான் தாவரவியல். அப்பாடத்தில் சிறந்த மாணவனுக்குப் பேராசிரியர் பொற்பதக்கம் ஒன்றை அறிவித்திருந்தார். அந்தப் பொன்னாலும் தம் மனத்தைச் செடிகள்பால் திருப்ப இயலாது என்று பெற்றோருக்கு எழுதினார் விதரிங். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தாவரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தி நூல் செய்தவரும் இவரே.

மலர் வரைந்த நங்கை

அம்மனமாற்றத்துக்குக் காரணமானவர் ஒரு பெண். 1767இல் ஸ்டாஃபோர்டு நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கிய விதரிங்கிடம் ஹெலனா குக்ஸ் என்னும் இளம்பெண் நோயாளியாக வந்தார். மலர்களை வண்ணந்தீட்டி வரைவதில் வல்லவர் அவர். நோய் நீங்கி எழும் நாள்களில் அவர் வரைவதற்கென்று மருத்துவர் வயல்வெளிகளிலும் வேலியோரங்களிலும் அலைந்து பூக்களைத் தேடிக் கொணர்ந்தார். கொணர்ந்த பூவின் பெயரைச் சொல்ல வேண்டுமே என்று நூல்களைப் புரட்டினார். பொற்பதக்கம் செய்யாததைக் காதல் செய்தது. 1772இல் இருவரும் மணம் புரிந்தனர்.

இவ்வாறு தொடங்கிய தேடல் 1776இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பிரிட்டனில் இயல்பாக வளரும் தாவரங்கள் யாவற்றையும் லின்னேயஸ் வகுத்த முறைப்படி ஆங்கிலத்தில் அடைவுபடுத்திய நூல் அது. வயலுக்கு எடுத்துச் சென்று பூவின் உறுப்புகளைக் கண்டறியச் சிறியதொரு மடக்கு நுண்ணோக்கியையும் அவர் வடிவமைத்தார். விதரிங் மறைந்த பின்னும் பல பதிப்புகள் கண்ட நூல் இது. செடியைக் கண்ணால் கண்டு ஐயந்திரிபற இனங்காணும் ஆற்றலை அவருக்கு அளித்தது இப்பயிற்சியே. மூலிகை மருத்துவத்தில் முதற்படியும் அதுவே. ஓரிலையை மற்றோரிலையென மயங்கினால் அதன் பிறகு செய்யும் எதுவும் பயன்படாது.

நிலவுக் கழகம்

பர்மிங்காம் நகரில் மருத்துவராக விளங்கிய வில்லியம் ஸ்மால் என்பார் 1775 பிப்ரவரியில் காலமானார். அவ்விடத்துக்கு வருமாறு விதரிங்கை அழைத்தவர் லிச்ஃபீல்டு நகரின் மருத்துவரும் கவிஞருமான எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கையை உலகுக்கு அளித்த சார்லஸ் டார்வினுக்கு இவர் பாட்டனார். அழைப்பை ஏற்று விதரிங் பர்மிங்காமில் குடியேறினார்.

அங்கே ஒரு வட்டம் இருந்தது. நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், அவருடைய தொழிற்பங்காளி மேத்யூ போல்ட்டன், மட்பாண்டக் கலைஞர் ஜோசியா வெட்ஜ்வுட், பின்னாளில் வந்து சேர்ந்த வேதியியல் அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். முழுநிலவை ஒட்டிய நாளில் கூடினால் இரவில் நிலவொளியிலேயே வீடு திரும்பலாம் என்பதனால் அவர்கள் கூட்டம் நிலவுக் கழகம் என்று பெயர் பெற்றது. திங்கள்தோறும் திங்களொளியில் கூடிய அவ்வட்டத்தில் விதரிங்கும் ஓர் உறுப்பினரானார். சிறு வட்டங்கள் செய்த பெரும்பணிக்கு அது நல்ல சான்று.

மூதாட்டியின் குடும்ப மருந்து

அதே 1775ஆம் ஆண்டில் விதரிங்கின் கருத்தறிய ஒரு குடும்ப மருந்தின் குறிப்பு அவரிடம் கொண்டுவரப்பட்டது. ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி நெடுங்காலமாகப் பிறரறியாமல் காத்துவந்த மருந்து அது. நீர்வீக்க நோய்க்கு அதைக் கொடுத்து வந்தார். உடலெங்கும் நீர் கோத்துக் கால்கள் பருத்து வயிறு பெருத்து மூச்சுத் திணறும் அந்நோயை நம் மருத்துவ நூல்கள் சோபை, மகோதரம் முதலிய பெயர்களால் வகுத்துக் கூறும். இதயமோ சிறுநீரகமோ ஈரலோ தளர்வதால் தோன்றும் அறிகுறி அது என்பதை இன்று அறிவோம். அந்நாளில் அதையே தனிநோயாகக் கருதினர். பட்டம் பெற்ற மருத்துவர்கள் கைவிட்ட சிலரை அம்மூதாட்டி பிழைக்க வைத்திருந்தார்.

அம்மருந்தில் இருபது அல்லது அதற்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்திருந்தன. உட்கொண்டவருக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாயின. ஆகவே, வாந்தியும் பேதியுமே நோயைப் போக்கின என்று எல்லோரும் எண்ணினர். சிறுநீர் பெருகிப் பிரிந்ததை எவரும் கருத்தில் கொள்ளவில்லை. செடிகளை நன்கறிந்த விதரிங்குக்கோ அந்த இருபதில் வேலை செய்வது எதுவென்று கண்டுகொள்வது கடினமாக இல்லை. அது டிஜிட்டாலிஸ்.

ஆங்கிலேயர் ஃபாக்ஸ்குளோவ் என்று வழங்கும் இச்செடி இங்கிலாந்தின் காட்டோரங்களில் தானே வளர்வது. நரியின் கையுறை என்பது அப்பெயரின் பொருள். முதலாண்டில் தரையோடு இலைகளை விரித்து, மறு ஆண்டில் நெடிய தண்டு விட்டு, உள்ளே புள்ளிகள் தெளித்த ஊதா நிற மணிப்பூக்களை வரிசையாகத் தொங்கவிடும். விரலில் மாட்டிக்கொள்ளத்தக்க பூவாதலின் விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து டிஜிட்டாலிஸ் என்னும் பெயரை 1542இல் ஜெர்மானிய அறிஞர் லியோனார்ட் ஃபுக்ஸ் இட்டார். விதரிங்குக்கு முன்னரே மருந்தேடுகள் இதைக் குறித்துள்ளன. ஆயினும், எந்நோய்க்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பவை துலங்காமையால் ஒரு தலைமுறை புகழ்வதும் மறுதலைமுறை ஒதுக்குவதுமாக இச்செடியின் வாழ்வு கழிந்தது.

அம்மூதாட்டியின் பெயரை விதரிங் எங்கும் எழுதவில்லை. இன்று பலரும் கூறும் பெயரும் அவரைச் சுற்றி எழுந்த கதைகளும் 1928இல் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து கிளைத்தவை என்பதைப் பின்னாளில் ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். பெயரறியாத அந்த நாட்டுப்புறப் பெண்ணிடமிருந்தே மருந்து வந்தது என்பதை விதரிங் மறைக்கவில்லை. பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவர் அந்நாளில் இதனை ஒப்புக்கொள்வது எளிதன்று.

பத்தாண்டுச் சோதனை

மருந்து எது என்று தெரிந்தது. அதன்பின் செய்ய வேண்டியதை விதரிங் அவசரமின்றிச் செய்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியின் முதல்வரான காலி என்பவர், மருத்துவர்கள் கைவிட்ட பின் இச்செடியின் வேரை உட்கொண்டு மார்பு நீர்க்கோப்பிலிருந்து மீண்டார் என்ற செய்தியை நண்பர் டாக்டர் ஆஷ் தெரிவித்தார். அது அவருக்கு மேலும் ஊக்கமளித்தது. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏழை நோயாளிகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்க்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஆண்டுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஏழைகள் அவரிடம் வந்தனர். அவர்களிடையே நீர்வீக்க நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. முதற்சோதனையின் இடர் ஏழைகள்மேல் விழுந்தது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

தொடக்கத்தில் அவர் அளவில் தவறினார். நீர்பிரிக்கும் மருந்தாக அந்நாளில் வழங்கிய ஸ்குவில் என்பது நம் நாட்டு நரிவெங்காயத்துக்கு இனமான கிழங்கு. அதைக் கொடுத்தால் குமட்டல் தோன்றும்போதுதான் சிறுநீர் நன்றாகப் பிரியும். அந்த ஒப்புமையை நம்பி, டிஜிட்டாலிசையும் குமட்டல் வரும்வரை கொடுத்தார். அளவு மிகுந்தது, நாளும் நீண்டது. நோயாளிகள் துன்புற்றனர். ஒரு மருந்தின் இயல்பைக் கொண்டு இன்னொன்றின் இயல்பை ஊகித்தது பிழை என்று உணர்ந்து அவ்வழியைக் கைவிட்டார். இச்செய்தியைப் பின்னர்த் தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார்.

பின்னர், செடியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கினார். ஈராண்டுச் செடியின் வேர் பருவந்தோறும் வீரியம் மாறுவது, நம்புதற்கில்லை. இலையும் பருவத்துக்கேற்ப மாறும். எனினும் பூக்கும் பருவத்தில் பறிக்கும் இலையை மட்டுமே கொள்வதென வரையறுத்தால் வேறுபாடு குறையும். கொதிக்க வைத்துக் கஷாயமாக்கினால் ஒருமுறை இருந்த வீரியம் மறுமுறை இருப்பதில்லை. எனவே இலைக்காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, வெயிலிலோ கணப்பின் முன்னோ உலர்த்திப் பொடித்த பச்சைத்தூளே நிறுத்துக் கொடுக்க ஏற்றது என்று கண்டார். அந்தத் தூளில் வளர்ந்தவர்களுக்கு அவர் வகுத்த அளவு நாளொன்றுக்கு இருவேளை, வேளைக்கு ஒன்று முதல் மூன்று கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் குன்றிமணி எடையில் பாதி. ஒரு கைப்பிடி இலையைக் காய்ச்சிக் குடித்த வழக்கம் எங்கே, அரைக் குன்றிமணி எங்கே!

கைப்பிடி அளவால் நேர்வதை விதரிங் நேரிலும் கண்டார். யார்க்‌ஷயரைச் சேர்ந்த வணிகர் ஒருவர் ஓயாத வாந்தியோடும் மங்கிய பார்வையோடும் கிடந்தார். நாடி நிமிடத்துக்கு நாற்பதாகக் குறைந்திருந்தது. அவருடைய மூச்சிரைப்பைப் போக்க விரும்பிய மனைவி, டிஜிட்டாலிசின் பச்சை இலைகளைப் பெரிய கைப்பிடியாக அள்ளி அரை பைன்ட் நீரில் வேகவைத்து, அந்நீரை ஒரே மடக்கில் குடிக்கக் கொடுத்திருந்தார். கணவர் அரும்பாடுபட்டு உயிர் பிழைத்தார். அந்த அம்மையார் மருந்தை அறிந்திருந்தார், அளவை அறியவில்லை. அன்பில் அவருக்குக் குறையேதும் இருந்ததில்லை.

எத்துணை சிறிய அளவாயினும் நாள்தோறும் கொடுக்கும்போது உடலில் சேர்ந்துகொண்டே போகும் இயல்பு இம்மருந்துக்கு உண்டு. இதன் காரணத்தை இன்று அறிவோம். இவ்விலையின் முதன்மையான வீரியப் பொருளாகிய டிஜிட்டாக்சின் உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நேற்றைய மருந்து நீங்குமுன் இன்றைய மருந்து வந்து சேரும். வேதியியல் தெரியாத காலத்தில், நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து நோக்கியே விதரிங் இவ்வாபத்தைக் கண்டுகொண்டார். அதற்கு அவர் வகுத்த விதி எளியது. சிறுநீர் பெருகினாலும், குமட்டல் தோன்றினாலும், நாடி தளர்ந்தாலும், பேதி கண்டாலும், இந்நான்கில் எது முதலில் தோன்றினாலும் மருந்தை உடனே நிறுத்திவிட வேண்டும். தொடங்கும் முறையோடு நிறுத்தும் முறையையும் சேர்த்துச் சொன்னமை அவர் பணியின் உயிர்நாடி.

தோல்வியையும் எழுதிய நூல்

1785இல் பர்மிங்காமில் அவர் நூல் வெளிவந்தது. டிஜிட்டாலிசைப் பற்றியும் அதன் மருத்துவப் பயன்கள் சிலவற்றைப் பற்றியும் கூறும் அந்நூலில், 1775 முதல் தாம் மருந்து கொடுத்த 163 நோயாளிகளின் வரலாறுகள் ஆண்டு வரிசையில் இடம்பெற்றன. பிற மருத்துவர்கள் எழுதியனுப்பிய செய்திகளும் சேர்க்கப்பட்டன.

இந்நூலின் பெருமை அதன் எண்ணிக்கையில் இல்லை. நலமடைந்தவர்களை மட்டும் தேர்ந்து வெளியிட்டிருந்தால் மருந்துக்கும் புகழ், மருத்துவருக்கும் புகழ். அவ்வாறு செய்வதை உண்மையும் அறிவியலும் ஏற்கா என்று கருதிய விதரிங், தாம் இம்மருந்தைக் கொடுத்த ஒவ்வொருவரையும் குறிப்பிட்டார். பயன்பட்ட இடம், பயன்படாத இடம், கொடுக்கத் தகாதவர்க்குக் கொடுத்த இடம், நோயாளி இறந்த இடம் யாவும் அதில் உள்ளன. மருந்து மிகுந்தால் தோன்றும் கேடுகளையும் வரிசைப்படுத்தினார். வாந்தி, பேதி, தலைச்சுற்றல், பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றும் பார்வைக் குழப்பம், நிமிடத்துக்கு 35 வரை இறங்கும் நாடி, குளிர்ந்த வியர்வை, வலிப்பு, மயக்கம், இறப்பு என அப்பட்டியல் செல்கிறது. இன்றைய மருத்துவ நூல்களும் இந்நஞ்சின் அறிகுறிகளைக் கூறும்போது இவற்றையே கூறுகின்றன.

இம்மருந்து வேறெம்மருந்திலும் காணாத அளவுக்கு இதயத்தின் இயக்கத்தை ஆளும் வல்லமை உடையது என்று அவர் நூலில் குறித்துள்ளார். ஆயினும், அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து என்றே முதன்மையாகக் கருதினார்; நீர் வடிவதற்கு இதயம் வலுப்பெற்றதே காரணம் என்பது பின்னால் வந்தோர் கண்டது. எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமலே, யாருக்குச் செய்கிறது, எவ்வளவில் செய்கிறது என்பதை ஒருவர் நேர்மையாக நிறுவலாம் என்பதற்கு இது சான்று.

நூலை வெளியிட அவரைத் தூண்டியதும் அச்சமே. மருந்தின் புகழ் வாய்மொழியாகப் பரவிவிட்டது. அளவறியாதவர் கொடுத்து உயிர்கள் மாயலாம். அதைக் கண்டு அஞ்சி, வல்லமை வாய்ந்த ஒரு மருந்தை உலகம் அடியோடு ஒதுக்கியும் விடலாம். இவ்விரு கேடுகளையும் ஒருங்கே கண்டு வருந்தியே அவர் எழுதினார்.

கவிஞரோடு பிணக்கு

1776இல் எராஸ்மஸ் டார்வின் தம் நோயாளியான ஒரு பெண்மணியைக் காண விதரிங்கைத் துணைக்கு அழைத்தார். விதரிங் டிஜிட்டாலிசைப் பரிந்துரைத்தார், அப்பெண்மணி நலமடைந்தார். பின்னர், 1778இல் இறந்துபோன தம் மகனின் ஆய்வுரையை 1780இல் பதிப்பித்தபோது டார்வின் அதன் இறுதியில் டிஜிட்டாலிஸ் பற்றிய நோயாளி வரலாறுகளைச் சேர்த்தார். 1785ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் கழகத்துக்கும் ஒரு கட்டுரை அனுப்பினார். மருந்தைத் தமக்குக் காட்டியவர் பெயரை உரிய இடத்தில் அவர் குறிப்பிடவில்லை. பர்மிங்காமுக்கு அழைத்த நட்பு அத்தோடு கசந்தது. விதரிங்கும் வளைந்து கொடுக்கும் இயல்பினர் அல்லர்.

செடிகளின் பெயர்களைப் பற்றியும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. மலரின் ஆண், பெண் உறுப்புகளைக் குறிக்கும் லின்னேயசின் சொற்களைப் பெண்டிரும் படிக்கும் நூலுக்கு ஏற்றவாறு விதரிங் மென்மையாக்கினார். டார்வின் சார்ந்த லிச்ஃபீல்டு குழுவினர் உள்ளதை உள்ளவாறே மொழிபெயர்க்க வேண்டும் என்றனர். கலைச்சொல்லாக்கத்தில் நாம் இன்றும் நடத்தும் வழக்குதான் இது. இவ்வழக்கில் டார்வினின் பக்கமே வலுவுடையது என்பதையும் சொல்லிவிடல் தகும்.

1789இல் டார்வின் தாவரங்களின் காதலைப் பாடும் நெடும்பாடலை வெளியிட்டார். அதில் ஆரோக்கிய தெய்வம் டிஜிட்டாலிசின் வடிவெடுத்து வந்து நீர்வீக்கத்தால் வாடுவோரை மீட்கிறாள். அழகிய கற்பனை. விதரிங்கின் நூலில் அத்தகைய அழகு எதுவும் இல்லை. பெயர், வயது, அளவு, விளைவு என்று வறண்ட குறிப்புகளே உள்ளன. பாடலைப் படித்தவர் செடியை வியந்திருப்பர். அப்பாடலை நம்பி எவரும் மருந்து கொடுத்திருக்க இயலாது. கவிதைக்கு அது குற்றமன்று. மருந்துக்கு அளவு வேண்டும். நம் மருத்துவப் புலவர்கள் பலம், வராகனெடை, குன்றிமணி என்னும் அளவுகளைச் சீருக்குள் அமைத்துப் பாடியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவர்களே மூலிகைப் பெயர்களைப் பரிபாஷையில் மறைத்தும் பாடினர். ஏடெழுதியவர் ஓரெழுத்தில் மயங்கினாலும், குருவழி அறுந்தாலும், மருந்து எது என்பதே தெரியாமற் போகும் நிலை அதனால் ஏற்பட்டது. அளவைக் காத்த மரபு பெயரை மறைத்தது நமக்கு நேர்ந்த இழப்பே ஆகும்.

இறுதி நாள்கள்

1779இல் திறக்கப்பட்ட பர்மிங்காம் பொது மருத்துவமனையில் விதரிங் பணியாற்றினார். அதே ஆண்டில் செங்காய்ச்சலைப் பற்றியும் நூல் எழுதினார். கனிமங்களிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. அவர் ஆராய்ந்து விளக்கிய பேரியம் கார்பனேட் கனிமத்துக்கு ஜெர்மானிய அறிஞர் வெர்னர் 1790இல் விதரைட் என்று பெயரிட்டார். 1791 ஜூலையில் பிரீஸ்ட்லியின் அரசியல், சமயக் கருத்துகளை வெறுத்த கும்பல் பர்மிங்காமில் கலகம் விளைத்தபோது, அவருடைய நண்பரான விதரிங் வாழ்ந்த எட்ஜ்பாஸ்டன் மாளிகையும் தாக்குதலுக்கு உள்ளானது. கூலிக்கு அமர்த்திய காவலர்களைக் கொண்டு, படை வரும்வரை அவர் அதனைக் காத்தார்.

அவருடைய நுரையீரலை நெடுநாளாகக் காசநோய் அரித்து வந்தது. 1792, 1793ஆம் ஆண்டுகளின் குளிர்காலங்களை வெப்பம் நாடிப் போர்த்துகல் நாட்டின் லிஸ்பனில் கழித்தார். அங்கும் ஓயாமல் வெந்நீரூற்று ஒன்றின் நீரைப் பகுத்தாய்ந்தார். 1799 அக்டோபர் 6ஆம் நாள் பர்மிங்காமில் தம் 58ஆம் வயதில் மறைந்தார். ஆங்கிலத்தில் விதரிங் என்னும் சொல் வாடுதலைக் குறிக்கும். மருத்துவ உலகின் மலர் வாடுகிறது என்று அவர் பெயரை வைத்துச் சிலேடை சொல்லினராம் நண்பர்கள். எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில் டிஜிட்டாலிஸ் செதுக்கப்பட்டுள்ளது. 1792இல் ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஃபான் பிரேடா தீட்டிய ஓவியத்திலும் அவர் கையில் அம்மலரே உள்ளது.

செடியின் பின்வரலாறு

விதரிங் அஞ்சியவாறே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் டிஜிட்டாலிசைக் காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் பித்துக்கும்கூடப் பேரளவில் கொடுத்தனர், பலர் நஞ்சுண்டனர், மருந்தின் பெயர் கெட்டது. 1875இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்மீடபர்க் டிஜிட்டாக்சினைத் தூய நிலையில் பிரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்கன்சி போன்ற இதய மருத்துவர்கள், ஒழுங்கின்றித் துடிக்கும் இதயத்தில் இம்மருந்து எவ்வாறு உதவுகிறது என்று தெளிவாக்கினர். 1930இல் இதன் இனமான மற்றொரு செடியின் இலையிலிருந்து சிட்னி ஸ்மித் டிகாக்சினைப் பிரித்தார். இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றும் நொதியை இப்பொருள்கள் தடுக்கின்றன. அதனால் கால்சியம் மிகுந்து இதயம் வலுவாகச் சுருங்குகிறது. அதே செயல் அளவு மீறினால் இதயத்தின் தாளத்தைக் குலைக்கிறது. குணமும் கேடும் ஒரே வேரினின்று எழுபவை. இடையிலுள்ள எல்லையோ மிகக் குறுகியது.

இதயத் தளர்ச்சியுற்ற 6,800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. டிகாக்சின் இறப்பைக் குறைக்கவில்லை. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. டிஜிட்டாக்சினைக் கொண்டு 1,200க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு, இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கை இரண்டையும் ஒருங்கே கணக்கிட்டால் பயன் உண்டென்று காட்டியது. விதரிங் தொடங்கிய கணக்கு இன்றும் முடியவில்லை.

இவ்வரலாறு நம் வேலிக்கு அயலானதும் அன்று. நம் முற்றங்களில் பூத்துக் குலுங்கும் மஞ்சளரளியின் கொட்டையில் டிஜிட்டாலிசை ஒத்த நஞ்சே உள்ளது. டிகாக்சின் நஞ்சை முறிக்க உருவாக்கிய எதிர்ப்பொருள் அரளி நஞ்சையும் முறிக்கும் என்பதை இலங்கையில் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பூசைக்குப் பறிக்கும் பூவும் இயற்கைதான். அதன் கொட்டையும் இயற்கைதான்.

நிறைவாக

நாட்டு மருந்தைப் பழிப்பவர்களுக்கு விதரிங்கின் வாழ்வு ஒரு விடை. பெயரறியாத மூதாட்டியின் கஷாயத்தில் அவர் உண்மையைக் கண்டார். நாட்டு மருந்தைக் கண்மூடிப் போற்றுவோர்க்கும் அது ஒரு விடை. அம்மூதாட்டியின் கலவையில் ஒரே ஒரு செடியே வேலை செய்தது. அதுவும் கொல்ல வல்லதாக இருந்தது. நம் வீடுகளிலும் கிராமங்களிலும் வாய்மொழியாக வழங்கும் மருந்துகள் எத்தனையோ உள. அவற்றுள் எது உண்மை, எது வீண், எது நஞ்சு என்பதைச் சொல்ல, பிழைத்தவர் கதை மட்டும் போதாது. பிழைக்காதவர் கதையும் ஏட்டில் ஏற வேண்டும். பத்தாண்டு பொறுத்து அவ்வேட்டை எழுதிய ஒருவரை, பத்தாண்டு நிறையும் இவ்வேளையில் நம் வட்டம் வணங்குவது தகும்.